பதில் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது

ஒரு டிசைன் டாக்குமென்ட்டை, அதாவது ஒரு மென்பொருளை எப்படிச் செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதும் குறிப்பை, டீமுக்கு அனுப்பிய ஐந்து நிமிஷத்துக்குள் முதல் கமென்ட் வந்து விழுந்தால் எனக்கு இப்போதெல்லாம் சந்தோஷம் வருவதில்லை. பதினொரு பக்கத்தை ஐந்து நிமிஷத்தில் யாராலும் படிக்க முடியாது. வந்திருப்பது தலைப்புக்கான கமென்ட்தான். தலைப்பு எழுத ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். மீதிப் பக்கங்களுக்காகத்தான் ஒருவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருப்பார்.

சென்னை ஓ.எம்.ஆரில் பணப் பரிவர்த்தனை தொடர்பான மென்பொருள் வேலை எனக்கு. கோடு எழுதுவது குறைந்து, மற்றவர்கள் எழுதும் டாக்குமென்ட்டைப் படிப்பதும் ரிவ்யூ மீட்டிங் நடத்துவதும்தான் இப்போது பாதி நாளைச் சாப்பிடுகிறது. படிக்காமல் கருத்துச் சொல்வது எங்கள் தொழிலில் எவ்வளவு சகஜம், அதை எப்படிச் சமாளிக்கலாம் என்று இங்கே பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ரிவ்யூவை விவரமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம் எளிதாகப் புரியும். டீமில் ஒருவர் எழுதிய டாக்குமென்ட், தலைப்பு ‘பேமென்ட் அழைப்புகளுக்குத் தானியங்கி ரீட்ரை’. பிரச்சினை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நம் சர்வர் பேமென்ட் கேட்வேயை (கஸ்டமர் கணக்கிலிருந்து பணம் எடுத்துத் தரும் வெளிச் சேவை) அழைக்கிறது, பதில் வருவதற்குள் காத்திருக்கும் நேரம் முடிந்து டைம்அவுட் ஆகிவிடுகிறது. பணம் போனதா போகவில்லையா என்று தெரியாது. மறுபடி அழைக்கலாமா? அப்படி அழைப்பதுதான் ரீட்ரை.

தலைப்பைப் பார்த்த உடனே ஒரு சீனியர் போட்ட கமென்ட்: “ரீட்ரை பண்ணினா கஸ்டமருக்கு ரெண்டு தடவை பணம் போயிடுமே? யோசிச்சீங்களா?” கீழே இன்னொருவர் “ஆமா, ரொம்ப ரிஸ்க்”. அதற்குக் கீழே மூன்றாமவர், முன்பு வேலை பார்த்த கம்பெனியில் இப்படி ஒரு நாள் ராத்திரி நடந்த கதை. சாயங்காலத்துக்குள் அந்தக் கமென்ட்டின் வால், டாக்குமென்ட்டை விட நீளமாகிவிட்டது.

பதில் மூன்றாம் பக்கத்தில் படம் போட்டு எழுதியிருந்தது. ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் ஐடெம்பொடன்சி கீ என்று தனி அடையாள எண் ஒன்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அதே எண்ணோடு இரண்டாவது அழைப்பு வந்தால் கேட்வே புதிதாகப் பணம் எடுக்காது, முதல் தடவை என்ன ஆனதோ அதையே திருப்பிச் சொல்லும். இந்தத் துறையில் இது பழைய ஏற்பாடு. டாக்குமென்ட்டின் மையமே அதுதான்.

மீட்டிங்கிலும் முதல் அரை மணி நேரம் இதுதான் ஓடியது. எழுதியவர் பொறுமையாக மூன்றாம் பக்கத்தைத் திரையில் காட்டி விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். சரி, அப்ரூவ் பண்ணிடலாம் என்ற நிலைக்கு வந்தபோது, கேம்பஸில் எடுத்து அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அண்ணா, எட்டாம் பக்கம் டேபிள்ல கீயை 24 மணி நேரம் வெச்சிருப்பாங்கன்னு இருக்கு. ஆனா ஆறாம் பக்கத்துல, ஃபெயில் ஆன பேமென்ட் வரிசையை ஆபரேஷன்ஸ் டீம் கையால திரும்ப ஓட்டுவாங்கன்னு இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபெயில் ஆனதைத் திங்கட்கிழமை ஓட்டினா கீ இருக்காதே?”

அறை அமைதியானது. 24 மணி நேரம் கழிந்தால் கேட்வே அந்த எண்ணை மறந்துவிடும். திங்கட்கிழமை வரும் அழைப்பை அது புது பேமென்ட்டாகத்தான் பார்க்கும். கஸ்டமர் கணக்கில் இரண்டாம் முறை பணம் எடுக்கப்படும். சீனியர் பயந்த அதே விபத்துதான், ஆனால் அவர் கைகாட்டிய கதவு ஏற்கெனவே பூட்டியிருந்தது. திறந்து கிடந்த கதவுக்கு ஆறாம் பக்கத்தையும் எட்டாம் பக்கத்தையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் போக முடியும்.

தீர்வு சின்னதுதான். கையால் திரும்ப ஓட்டுவதற்கு முன் கேட்வேயிடம் பழைய பரிவர்த்தனையின் நிலையைக் கேட்டுவிட்டு ஓட்ட வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்தோம்.

சீனியர் முட்டாள் இல்லை. பல வருஷ அனுபவம் அவருக்கு, அந்த அனுபவம்தான் தலைப்பைப் பார்த்ததுமே சரியான பயத்தைக் காட்டியது. சிக்கலும் அங்கேதான். ‘ரீட்ரையா, டூப்ளிகேட் வருமே’, ‘கேஷ் மெமரியா, பழைய டேட்டா காட்டுமே’, ‘மைக்ரோசர்வீஸா, நெட்வொர்க் தாமதம் வருமே’ என்று ஒரு தலைப்புக்கு ஒரு கேள்வி அனுபவசாலியின் மனசில் தயாராக இருக்கும். கேள்வி தப்பில்லை. அதைக் கேட்டு முடித்ததும் ரிவ்யூ பண்ணிவிட்ட திருப்தி வந்துவிடுகிறது, அப்புறம் படிக்கத் தோன்றுவதில்லை. புதிதாக வந்த பெண்ணுக்கு அப்படி ஒரு கேள்வி கைவசம் இல்லை. அதனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டியிருந்தது.

டெக்னிக்கல் எழுத்தில் விஷயம் எப்போதுமே நிபந்தனையில்தான் இருக்கிறது. எந்த அளவு டேட்டாவுக்கு, எந்த வெர்ஷனில், எவ்வளவு நேரத்துக்குள், என்ன நடக்காத பட்சத்தில். தலைப்பில் இவை எதுவும் இருக்காது. முன்னுரையில் பாதி இருக்கலாம். மீதி அட்டவணையின் கடைசிப் பத்தியிலும் அடிக்குறிப்பிலும் ‘இந்த டாக்குமென்ட்டில் பேசாதவை’ என்ற பகுதியிலும் கிடக்கும். தலைப்பை மட்டும் பார்த்துச் சொல்லும் கருத்து, கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுப் பந்தியில் சாம்பாருக்கு உப்பு போதவில்லை என்று சொல்வது மாதிரி.

கோயம்புத்தூரில் மோட்டார் கன்ட்ரோலர் போர்டு செய்யும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். “உங்களுக்கு டாக்குமென்ட், எங்களுக்கு டேட்டாஷீட். வியாதி ஒண்ணுதான்” என்றார். அவர் சொன்ன உதாரணம் ஐஆர்எஃப்540என் என்ற மாஸ்ஃபெட், கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச் மாதிரியான எலெக்ட்ரானிக் பாகம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். டேட்டாஷீட்டின், அதாவது அந்தப் பாகத்தின் விவரக் குறிப்பின், முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 100 வோல்ட், 44 மில்லிஓம், 33 ஆம்பியர். உடனே, ‘12 வோல்ட் மோட்டார்தானே, மைக்ரோகன்ட்ரோலர் (போர்டை இயக்கும் குட்டிக் கணினி) காலிலிருந்து நேராக ஓட்டு, 33 ஆம்பியர் தாங்கும்’ என்று ஆலோசனை சொல்லிவிடுவார்கள். உள்ளே போனால்தான் தெரியும், திறந்திருக்கும்போது தடை 44 மில்லிஓம் என்பது, ‘கேட்’ என்ற கட்டுப்பாட்டுக் காலுக்கு 10 வோல்ட் கொடுத்தால் மட்டுமே. மைக்ரோகன்ட்ரோலர் தருவது 5 வோல்ட், சிலதில் 3.3 வோல்ட்.

இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் இன்னொரு வரியைப் பிடித்துக்கொள்வார்களாம். கேட் த்ரெஷோல்ட் 2 முதல் 4 வோல்ட், ‘அப்போ 5 வோல்ட் தாராளம்’ என்று. அதே வரியின் நிபந்தனைப் பத்தியில் 250 மைக்ரோஆம்பியர் என்று இருக்கும். அதாவது அந்த வோல்டேஜில் மாஸ்ஃபெட் இப்போதுதான் கண் விழிக்கிறது, முழுசாகத் திறக்கவில்லை. அரைகுறையாகத் திறந்த மாஸ்ஃபெட் வழியாக மோட்டார் கரண்ட் ஓடினால் சூடாகிக் கருகும். 33 ஆம்பியருக்கும் நிபந்தனை உண்டு. மாஸ்ஃபெட்டின் உடல் 25 டிகிரியில் இருந்தால்தான் அந்த எண். 100 டிகிரிக்குப் போனால் 23 ஆம்பியர் என்று அடுத்த வரியிலேயே போட்டிருக்கிறார்கள். மே மாதம் தகரக் கொட்டகைக்குள் மாட்டும் போர்டுக்கு எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று நண்பர் என்னைக் கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் எதுவும் கருகாது, வாசனை வராது. அதனால் கூச்சமில்லாமல் பேசலாம். ஒருமுறை ஒரு இன்ஜினியர், கணக்குச் சரிபார்க்கும் ப்ரோகிராமில் ஒரு ஃபங்ஷனை மாற்றி எழுதலாம் என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தார். மொத்த நேரத்தில் பெரும்பங்கு அந்த ஒரே ஃபங்ஷனில் போகிறது என்று ப்ரொஃபைலர் (எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் கருவி) படத்தோடு காட்டியிருந்தார். வந்த ஒரே கமென்ட்: “ப்ரீமெச்சூர் ஆப்டிமைசேஷன். நூத் சொல்லியிருக்கார், எல்லாத் தீமைக்கும் அதுதான் வேர்.” தேவை தெரியுமுன்னே வேகத்துக்காக ப்ரோகிராமை மாற்றுவது என்று அர்த்தம். எழுதிய ஆளே அடங்கிப்போனார். கணினித் துறையின் பெரிய மேதை டொனால்ட் நூத் பேரைச் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது?

அந்த வரி 1974-இல் ஏசிஎம் கம்ப்யூட்டிங் சர்வேஸ் இதழில் வந்த 41 பக்கக் கட்டுரையில் இருக்கிறது. நூத் அங்கே சொல்வது: சின்னச் சின்ன வேக மிச்சங்களை 97 சதவீத நேரம் நாம் மறந்துவிட வேண்டும், ப்ரீமெச்சூர் ஆப்டிமைசேஷன்தான் எல்லாத் தீமைக்கும் வேர். அடுத்த வாக்கியத்திலேயே, ஆனாலும் முக்கியமான அந்த 3 சதவீதத்தில் வாய்ப்பைக் கைவிடக் கூடாது என்கிறார். அந்த 3 சதவீதம் எது என்பதை ஊகிக்காமல் அளந்து கண்டுபிடிக்கச் சொல்கிறார். கொஞ்சம் முன்னால், மற்ற இன்ஜினியரிங் துறைகளில் எளிதாகக் கிடைக்கும் 12 சதவீத முன்னேற்றத்தை யாரும் அற்பம் என்று ஒதுக்க மாட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறார். நம் இன்ஜினியர் அளந்து, இடம் கண்டுபிடித்து, படம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். நூத் அந்த அறையில் இருந்திருந்தால் அவர் பக்கம்தான் உட்கார்ந்திருப்பார். கமென்ட் போட்டவர் டாக்குமென்ட்டையும் படிக்கவில்லை, நூத்தையும் படிக்கவில்லை.

வாட்டர்ஃபால் என்று பேர் வாங்கிய, மென்பொருளைப் படிப்படியாகச் செய்யும் முறையின் கதை இதைவிட வேடிக்கை. அஜைல் (சின்னச் சின்னச் சுற்றுகளாக மென்பொருள் செய்யும் முறை) பயிற்சி வகுப்புக்குப் போனவர்கள் எல்லாரும் அந்தப் படிக்கட்டுப் படத்தைப் பார்த்திருப்பார்கள். தேவை, வடிவமைப்பு, கோடிங், டெஸ்டிங் என்று ஒன்றிலிருந்து ஒன்று கீழே இறங்கும். அந்தப் படத்துக்கு மூலம் என்று காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-இல் எழுதிய கட்டுரையை. அவர் அந்தப் படத்தைப் போட்ட கையோடு, இதை இப்படியே நடைமுறைப்படுத்துவது ஆபத்து, தோல்வியை அழைக்கும் என்று எழுதிவிட்டு, மீதிக் கட்டுரை முழுக்க அதை எப்படிச் சரிசெய்வது என்றுதான் பேசுகிறார். மென்பொருளை ஒருமுறை முன்னோட்டமாகச் செய்து பார்த்துவிட்டு இரண்டாம் முறை செய்வதைத்தான் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவர் தரும் ஆலோசனைகளில் ஒன்று. வாட்டர்ஃபால் என்ற சொல் கட்டுரையில் கிடையாது. படத்தைப் பார்த்தவர்கள் பக்கத்தைத் திருப்பியிருந்தால் அவர் பேரில் இந்தப் பழி விழுந்திருக்காது.

கணினி விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1968-இல் ஒரு இதழுக்கு எழுதிய கடிதத்தின் கதி இன்னும் மோசம். ‘கோ டூ’ ஸ்டேட்மென்ட் (ப்ரோகிராமை வேறொரு இடத்துக்குத் தாவச் சொல்லும் கட்டளை) கேடானது என்ற அர்த்தத்தில் உலகமே மேற்கோள் காட்டும் அந்தத் தலைப்பு அவர் வைத்ததே இல்லை, இதழின் எடிட்டராக இருந்த நிக்லவுஸ் விர்த் வைத்தது. தலைப்போடு சண்டை போட்டவர்கள் விர்த்தோடுதான் சண்டை போட்டிருக்கிறார்கள்.

ஆராய்ச்சி உலகம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003-இல் ஒரு கெட்டிக்கார வழியில் இதை அளந்தார்கள். புகழ்பெற்ற ஒரு கட்டுரையைச் சுமார் 4300 பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதில் 196 மேற்கோள்களில் பக்க எண், வருஷம் மாதிரி ஏதோ ஒன்று பிழை. 196 பேரும் தனித்தனியாகத் தப்புப் பண்ணியிருந்தால் பிழைகளும் விதவிதமாக இருக்க வேண்டும். இருந்ததோ 45 விதம்தான், ஒரே பிழை 78 இடத்தில். அதாவது மூலத்தைத் திறக்காமல், இன்னொருவர் பட்டியலிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். மேற்கோள் காட்டுபவர்களில் சுமார் 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு.

இப்போது ஏஐ சுருக்கம் வேறு சேர்ந்துகொண்டது. டாக்குமென்ட்டைக் கொண்டுபோய் ஒட்டி, ‘இதில் என்ன குறை’ என்று கேட்டு, வந்த பட்டியலை அப்படியே கமென்ட்டாகப் போடுகிறார்கள். அந்தப் பட்டியல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூட வினாத்தாள் போல எல்லாப் பாடத்தையும் தொட்டுவிடும், அடையாளம் கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. எனக்கு அந்தக் கருவியோடு பகை ஒன்றும் இல்லை. ஆனால் சுருக்கும்போது முதலில் காணாமல் போவது ‘அப்படியானால் மட்டும்’ என்ற வரிகள்தான். நாம் தேடுவதும் அவற்றைத்தான்.

சரி, என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன்.

முதல் வேலை, மீட்டிங்கிலேயே படிக்க வைத்தது. யோசனை எங்களுடையது இல்லை. அமேசானில் ஜெஃப் பெசோஸ் 2004 வாக்கில் பவர்பாயின்ட்டை நிறுத்திவிட்டு ஆறு பக்கக் குறிப்பு எழுதச் சொன்னதும், மீட்டிங் தொடங்கியதும் எல்லாரும் சத்தமில்லாமல் அதைப் படிப்பதும் ஊரறிந்த விஷயம். படித்துவிட்டு வரச் சொன்னால் வருபவர்கள் படித்தது மாதிரி சமாளிப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம். எங்கள் அறையில் முதல் நாள் இது படு சங்கடமாக இருந்தது. பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து சும்மா படித்துக்கொண்டிருப்பது பரீட்சை ஹால் மாதிரி தெரிந்தது. ஒருவர் லேப்டாப்பில் மெயில் பார்த்தார். அதற்காகவே டாக்குமென்ட்டைப் பேப்பரில் அச்சடித்து, பேனாவோடு கொடுக்க ஆரம்பித்தோம். பேப்பர் கையில் இருந்தால் பக்கம் திரும்புவது கண்ணுக்குத் தெரியும், ஒன்றாம் பக்கத்திலேயே நிற்பவருக்குக் கொஞ்சம் கூச்சம் வரும். வீட்டிலிருந்து சேருபவர்களுக்கு இது வேலைக்கு ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் படித்தார்களா என்பது அவர்களுக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

இரண்டாவது, எவ்வளவு படித்தோம் என்று சொல்லிவிட்டுப் பேசுவது. “நாலாம் பக்கம் வரைக்கும்தான் பார்த்தேன், அதுல ஒரு கேள்வி” என்று சொல்வதில் எந்தக் கேவலமும் இல்லை என்று டீமில் ஆக்கினோம். எல்லாராலும் எல்லாவற்றையும் படிக்க முடியாது. டேட்டாபேஸ் ஆளுக்கு டேபிள் பகுதி போதும், செக்யூரிட்டி ஆளுக்கு அவர் பகுதி. பாதி படித்துப் பாதிக்குக் கருத்துச் சொன்னால் அது முழுசாகப் பயன்படும் கருத்து. பாதி படித்து மொத்தத்துக்கும் தீர்ப்புச் சொல்வதில்தான் தகராறு. மேனேஜர் ஒருவர் முதல் தடவையாக “நான் படிக்கலை, கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கேன்” என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. மேலே இருப்பவர் சொல்லாதவரை கீழே இருப்பவர் சொல்ல மாட்டார், நம்ம ஊர் ஆபீஸ் அப்படித்தான்.

கமென்ட் போடுமுன் எனக்கு நானே வைத்திருக்கும் சோதனை ஒன்று: இதே வரியை எடுத்து வேறொரு டாக்குமென்ட்டின் ஓரத்தில் ஒட்டினால் பொருந்துமா? ‘ஸ்கேல் ஆகுமா’, ‘செக்யூரிட்டி யோசிச்சீங்களா’, ‘காஃப்கா ஏன் போடலை’ எல்லாம் எங்கே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். ‘எட்டாம் பக்கம் 24 மணி நேரம், ஆறாம் பக்கம் திங்கட்கிழமை’ என்பது வேறெங்கும் ஒட்டாது. இதையே கொஞ்சம் கறாராக்கி, ஒவ்வொரு கமென்ட்டிலும் பிரிவு எண் போட வேண்டும் என்று வைத்தோம். எண் தேடப் போனவர்களில் பலர் பதிலையும் அங்கேயே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

படிக்கும் வரிசையையும் மாற்றிக்கொண்டேன். முன்னுரை முடிந்ததும் நேராக அட்டவணை, படம், அடிக்குறிப்பு, ‘பேசாதவை’ பகுதி. அப்புறம்தான் முதலிலிருந்து. ‘பத்து மடங்கு வேகம்’ என்று ஒரு டாக்குமென்ட் சொன்னால், எந்த மெஷினில், எவ்வளவு டேட்டாவில் அளந்தார்கள், அந்த டேட்டா மெமரிக்குள் அடங்கியதா, எதோடு ஒப்பிட்டார்கள் என்பதை முதலில் தேடுவேன். படத்தில் கோடு எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைவிட அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பார்ப்பது முக்கியம்.

டாக்குமென்ட் எழுதுபவர் பக்கமும் குற்றம் உண்டு, அதை விட்டுவிட்டால் நியாயமில்லை. டெம்ப்ளேட்டில் இருக்கிறதே என்று ஒன்றுக்கும் உதவாத பின்னணி வரலாற்றை மூன்று பக்கம் நிரப்பிவிட்டு, பத்தாம் பக்கத்தில் குண்டைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரீட்ரை டாக்குமென்ட்டின் தலைப்பையும் அப்புறம் ‘இருமுறை பணம் எடுக்காமல் பேமென்ட் ரீட்ரை செய்வது’ என்று மாற்றினோம். ஒரே சந்தேகத்தை மூன்று பேர் கேட்டால், மூன்று பேரும் படிக்கவில்லை என்று திட்டுவதைவிட அதை முதல் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவது லாபம். நிபந்தனைகளையும் அப்படியே: ‘இது எப்போது வேலை செய்யாது’ என்று நான்கு வரி, முதல் பக்கத்திலேயே.

படிக்காமல் கமென்ட் போட்டவருக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதும் ஒரு கலை. “நீங்க படிக்கவே இல்லையே சார்” என்று எல்லார் முன்னாலும் சொன்னால் அவர் அந்தக் கருத்தை விடவே மாட்டார், மானப் பிரச்சினை ஆகிவிடும். “3.2-ல இதைப் பத்தி எழுதியிருக்கு சார், அதுல ஏதாவது குறையுதான்னு பார்த்துச் சொல்லுங்க” என்று ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மரியாதையும் கெடாது, அவரையும் மூன்றாம் பக்கத்துக்கு அனுப்பியாகிவிடும். ரீட்ரை கமென்ட் போட்ட சீனியருக்கு இந்த வரியை ஒருவர் எழுதியபோது, அவர் போய்ப் படித்துவிட்டு வந்து, ரீட்ரைகளுக்கு இடையில் விடும் இடைவெளி எல்லா சர்வருக்கும் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாம் ஒரே நொடியில் போய் கேட்வேயை இடிக்கும் என்று இன்னொரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். அவர் அனுபவம் அப்போதுதான் சரியான பக்கத்தில் வேலை செய்தது. இடைவெளியில் கொஞ்சம் ரேண்டமாக ஏற்ற இறக்கம் சேர்த்தோம்.

இப்போது மீட்டிங்கில் படிப்பதற்கு இருபது நிமிஷம் ஒதுக்குகிறோம். அந்த நேரத்துக்குள் படித்து முடிக்க முடியாத டாக்குமென்ட் வந்தால் ரிவ்யூவுக்கு எடுப்பதில்லை, இரண்டாக உடைத்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறோம். அதற்கு வரும் முணுமுணுப்பு பெரும்பாலும் டாக்குமென்ட் எழுதுகிறவர்களிடமிருந்துதான்.